சோழவரத்திலிருந்து சாக்கன் வரை: ரேஸுக்குத் தகுதியான எஞ்சின் எது?

எங்கள் நெருளிலிருந்து சாக்கன் சுமார் நூறு கிலோமீட்டர். அங்கே பஜாஜ் ஆலையில் தயாராகும் கேடிஎம் வண்டிகள் லாரி ஏறி எக்ஸ்பிரஸ்வேயில் இந்தப் பக்கம் வருகின்றன. அந்தச் சாலையில் டூவீலருக்கு அனுமதி கிடையாது. மணிக்கு 160 கிலோமீட்டர் போகக்கூடிய ஆர்சி 390, தான் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மிக நல்ல ரோட்டில் லாரியின் முதுகில் மட்டும்தான் போகலாம். சொந்தக் காலில் போக வேண்டுமென்றால் கோபோலி, லோனாவாலா வழியாகப் பழைய ரோடு :-)

அந்த ஆர்சி 390-க்கு ஒரு தம்பி உண்டு. 2017 இறுதியில் அறிவித்து 2018-ல் விற்பனைக்கு வந்தான். பெயர் ஆர்சி 390 ஆர். மொத்தமே 500 வண்டிகள், இந்தியாவில் விற்பனை கிடையாது. அதே 373 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின்தான். காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயைக் குட்டையாக்கியிருந்தார்கள், முன்னும் பின்னும் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய சஸ்பென்ஷன் கொடுத்திருந்தார்கள், இன்னும் சில சில்லறை மாற்றங்கள். இதற்காக ஒரு தனி மாடலா என்று தோன்றும். இதன் பின்னால் ஒரு விதிப் புத்தகம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று மோட்டோஜிபி மாதிரி. பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டி, கடையில் கிடைக்காது. இன்னொன்று, கடையில் விற்கும் வண்டியை வைத்து ஓட்டுவது. இந்த இரண்டாவது வகையில் "இது உண்மையிலேயே கடையில் விற்ற வண்டிதான்" என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். இத்தனை வண்டிகள் செய்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. பிறகு எந்தப் பாகத்தை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று ஒரு பட்டியல். இந்தச் சடங்குக்குப் பெயர் ஹோமோலோகேஷன். தொடக்கூடாத பாகத்தில் மாற்றம் வேண்டுமென்றால் ஒரே வழிதான்: அந்த மாற்றத்தோடு ஒரு வண்டியைச் செய்து கடையிலேயே விற்றுவிடுவது.

உலக சூப்பர்பைக் போட்டி 1988-ல் தொடங்கியதிலிருந்து இந்த விளையாட்டு நடக்கிறது. ஹோண்டாவின் ஆர்சி30 அதற்காகவே பிறந்தது. பக்கத்துக் காலத்து உதாரணம் டுகாட்டி. 2018-ல் வந்த பனிகாலே வி4 சாலையில் 1103 சிசி. சூப்பர்பைக்கில் நாலு சிலிண்டருக்கு வரம்பு 1000 சிசி. ஆகவே 2019-ல் 998 சிசியில் வி4 ஆர் என்று இன்னொன்றை விற்றார்கள். விலை அதிகம், சிசி குறைவு! எஞ்சின் அளவை ரேஸ் விதியே தீர்மானித்துவிட்டது.

நம்மூரில் கதை நேர் எதிர். அதற்குச் சென்னைக்கு வடக்கே, சோழவரத்துக்குப் போக வேண்டும்.

சோழவரம் இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. அடுத்த முப்பத்தைந்து வருடம் நம் நாட்டு ரேஸின் தலைநகர் அந்தக் காங்கிரீட் தரைதான். லைசென்ஸ் ராஜ் காலம். புல்லட், ஜாவா (பிறகு எஸ்டி), ராஜ்தூத், லாம்பிரெட்டா என்று விரல் விட்டு எண்ணலாம். ரேஸுக்கென்று யாரும் வண்டி செய்யவில்லை. இருந்ததைத்தான் ஓட்டினார்கள். விதி எழுதியவர்களும் கடையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் கோடு போட முடிந்தது. வெளிநாட்டில் விதிக்காக வண்டி, இங்கே வண்டிக்காக விதி.

எண்பதுகளில் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். 1984-ல் ஓசூரில் இண்ட்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா, அதே வருடக் கடைசியில் எஸ்கார்ட்ஸின் யமஹா ஆர்எக்ஸ் 100. வெறும் 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோ சொச்சம். இந்த வண்டி நம் நாட்டு ரேஸுக்குச் செய்ததை வேறு எந்த வண்டியும் செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம். (புல்லட் பக்தர்கள் மன்னிக்க.)

காரணம் அதன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் வால்வு, கேம் ஷாஃப்ட் எதுவும் இல்லை. சிலிண்டர் சுவரிலேயே ஓட்டைகள் இருக்கும். அதற்குப் போர்ட் என்று பெயர். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே இந்த ஓட்டைகளைத் திறந்து மூடும். புகை வெளியே போகும் போர்ட்டின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் அது சீக்கிரம் திறக்கும், அதிக ஆர்பிஎம்மில் பவர் கூடும், கீழே இழுவை குறையும். சைலன்சரின் வயிற்றை எங்கே அகலமாக்கி எங்கே குறுக்குகிறோம் என்பதைப் பொறுத்து, வெளியே தப்பிய பெட்ரோல் கலவையை அலையாகத் திருப்பி உள்ளே தள்ளவும் முடியும். இதற்கெல்லாம் வேண்டியது ஒரு அரம், கொஞ்சம் வெல்டிங், பிறகு காது.

என் மாமா ஒருவர் புதுப்பேட்டையில் ஒர்க் ஷாப் வைத்திருந்தார். பத்தாம் வகுப்பு தாண்டாதவர். கிராங்க் முனையில் பள்ளிக்கூடத்துப் பாகைமானியை ஒட்டி வைத்துக்கொண்டு எத்தனை டிகிரியில் போர்ட் திறக்கிறது என்று அளப்பார். நோட்டில் எழுதி வைப்பார். யாருக்கும் காட்ட மாட்டார். ரேஸ் ஓட்டும் பையன்கள் சனிக்கிழமை ராத்திரி அவர் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். ஜப்பானில் படித்த எஞ்சினியர் விட்ட இடத்திலிருந்து புதுப்பேட்டை மாமா தொடர முடிந்தது என்பதுதான் டூ ஸ்ட்ரோக்கின் பெருமை.

ஆர்டி 350 பற்றிச் சொல்லாவிட்டால் அடிக்க வருவீர்கள். 1983-ல் ராஜ்தூத் 350 என்று வந்தது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், ஆறு கியர். ஜப்பானில் 39 குதிரைத்திறன் கொடுத்தது இங்கே 30.5 ஆனது, பிறகு மைலேஜுக்காக இன்னும் குறைத்து 27. முன் டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் போட்டார்கள். அந்தப் பிரேக்கோடு அந்த எஞ்சினை விற்கத் துணிந்தவர்களை நினைத்தால் இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. கொடுத்த குதிரைகளைக் குறைத்ததும் நல்லதற்குத்தானோ என்னவோ.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் திறந்தது. சோழவரம் ஓய்ந்தது. டூ ஸ்ட்ரோக் மட்டும் தொடர்ந்தது.

அதைச் சாய்த்தது ரேஸ் இல்லை. ரேஸில் அதை ஜெயிக்க ஃபோர் ஸ்ட்ரோக் படாத பாடு பட்டது. டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. அதே சிசியில் மோதினால் தோல்வி நிச்சயம். ஹோண்டா 1979-ல் வீம்புக்கு என்ஆர்500 என்று ஒன்று செய்தது. நாலு சிலிண்டருக்கு மேல் கூடாது என்று விதி. ஆகவே நீள்வட்டப் பிஸ்டன், சிலிண்டருக்கு எட்டு வால்வு. எட்டு சிலிண்டரை நாலுக்குள் ஒளித்து வைத்த மாதிரி. ஒரு கிராண்ட் பிரீ கூட ஜெயிக்கவில்லை. அதே ஹோண்டா டூ ஸ்ட்ரோக்குக்கு மாறி 1983-ல் பட்டம் வாங்கியது. கடைசியில் 2002-ல் மோட்டோஜிபி வந்தபோது விதியே இறங்கி வந்தது: டூ ஸ்ட்ரோக்குக்கு 500 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 990. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம் கொடுத்தபிறகுதான் ஃபோர் ஸ்ட்ரோக் ஜெயித்தது.

இங்கே முடிவு கட்டியது புகை. 1996-லும் 2000-லும் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. ஆர்எக்ஸ் 100 அந்த 1996-லேயே நின்றது. 1999-ல் சிபிஇசட், 2001-ல் பல்சர். டிராக்கிலும் காற்று அந்தப் பக்கம் திரும்பியது.

பிறகு 2008 ஜூனில் யமஹா ஆர்15. பார்க்க அதன் அண்ணன் ஆர்1 போல இருந்ததால் பலர் அதை வெறும் உடைமாற்றம் என்று நினைத்தார்கள். உள்ளே நிஜமாகவே சரக்கு இருந்தது. 149.8 சிசி, 17 குதிரை, நாலு வால்வு, ஃபியூவல் இஞ்செக்‌ஷன், ஃபோர்ஜ்டு பிஸ்டன். நம் நாட்டு 150 சிசி வண்டிகளில் முதன்முதலாகத் தண்ணீர் குளிரூட்டல். சிலிண்டரில் இரும்பு உறையே இல்லை. 20 சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினியம், அதுவே தேய்மானத்தைத் தாங்கும். வெப்பம் சீக்கிரம் வெளியேறும், எடையும் குறைவு. பந்தயத்தில் சுற்றுக்குச் சுற்று எஞ்சின் சூடாகிப் பவர் குறைவதுதான் ஏர் கூல்டு வண்டிகளின் நோய். அந்த நோய் இதற்கு இல்லை. யமஹா ஆர்15-க்கென்றே ஒன் மேக் பந்தயமும் நடத்தியது.

மாமா ஒரு தடவை இந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். அரத்துக்கு வேலை இல்லை. இங்கே சக்தி இருப்பது கேம் வடிவத்தில், வால்வு ஹெட்டில், எல்லாவற்றுக்கும் மேல் எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்யும் ஈசியு பெட்டிக்குள். அதைத் திறக்க லேப்டாப் வேண்டும், கம்பெனியின் தயவு வேண்டும். காற்று சுத்தமானது நல்ல விஷயம், அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் தனி ஆள் மெக்கானிக்கின் கையிலிருந்து ரேஸ் கம்பெனி டீம்களின் கைக்குப் போனது இந்த மாற்றத்தோடுதான். மாமாவின் நோட்டுக்கு அதற்குப்பிறகு மதிப்பில்லை.

தேசியப் போட்டியில் இப்போது நாம் அடிக்கடி கேட்கும் வகுப்பு 165 சிசி. ஏன் 165? கடையில் விற்கும் 150, 155, 160 எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 2018-ல் ஆர்15 155 சிசி ஆனபோதும் வகுப்பு மாறவில்லை. மறுபடியும் வண்டிக்காக விதி! மேலே 301 முதல் 400 வரை ஒரு வகுப்பு. 312 சிசி அப்பாச்சி ஆர்ஆர் 310-ம் 373 சிசி ஆர்சி 390-ம் அதில் ஒன்றாக ஓட வேண்டும். அறுபத்தொரு சிசி வித்தியாசம். ஆனாலும் டிவிஎஸ் ரேஸிங்கின் ஜெகன் குமார் ஓசூர் வண்டியிலேயே பட்டங்கள் வாங்கினார். 1982-லிருந்து ரேஸ் டீம் வைத்திருக்கும் கம்பெனியின் அனுபவமும் அதில் சேர்த்தி.

அக்கா பையன் ஒருவன் இங்கே சீவுட்ஸில் இருக்கிறான், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். "எந்த வண்டி வாங்கினால் ரேஸ் விடலாம் மாமா?" என்று கேட்டான். 400 பக்கம்தான் அவன் கண். பாம் பீச் ரோட்டில் ஓட்டுவதற்கு ரேஸ் என்று பெயர் இல்லை என்று முதலில் சொன்னேன். 165-ல் ஆரம்பி, மாதத் தவணையும் குறைவு, விழுந்தால் செலவும் குறைவு என்றேன். அக்காவுக்கு இந்த உரையாடல் தெரியாது.

இப்போது அந்த 500 வண்டிகளுக்கு வருவோம். 2017-ல் உலக சூப்பர்ஸ்போர்ட் 300 என்று ஒரு வகுப்பு தொடங்கியது. ஹோண்டாவின் 471 சிசி இரட்டை சிலிண்டர், யமஹாவின் 321, கவாசாகியின் 296, எல்லாம் ஒரே களத்தில். அடுத்த வருடம் கவாசாகி 399-க்கு வளர்ந்தது. எப்படிச் சமன் செய்வது? சிசியை விட்டுவிட்டு, ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி ஆர்பிஎம் வரம்பும் எடையும் விதித்தார்கள். சாக்கன் வண்டியைத் தழுவிய ஆர்சி 390 ஆர், அந்த ஜப்பான் இரட்டைகளோடு மோதும் ஒற்றை சிலிண்டராக உள்ளே நுழைந்தது 2018-ல். அந்த வருடம் ஸ்பெயினின் அனா கராஸ்கோ கவாசாகியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். சாலைப் பந்தயத்தில் தனி ஆளாக உலகப் பட்டம் வென்ற முதல் பெண்.

அந்த வகுப்பு 2025-ஓடு முடிந்தது. 2026 முதல் அதன் இடத்தில் பெரிய எஞ்சின்களுக்கான ஸ்போர்ட்பைக் வகுப்பு. 390-க்கு அங்கே இடம் இல்லை.

இங்கேயோ கோடு போடும் வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. டிராக்கில் 312-ம் 373-ம் ஒரே வகுப்பு, ஷோரூமில் வேறு வேறு வகுப்பு.