சாத்தூர்: வைப்பாற்றங்கரை வணிக ஊரின் வரலாறு

சாத்தூர், விருதுநகர் மாவட்டத்தில் வைப்பாற்றின் கரையில் அமைந்த நகராட்சி. வட்டத் தலைநகரமும் கூட. மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதையும் ஆற்றைக் கடக்கும் இடம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. தீப்பெட்டி, பட்டாசு, பேனா நிப்பு, காராச்சேவு, வெள்ளரிக்காய் ஆகியவை சாத்தூரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டு சென்றன.

ஆற்றங்கரை ஊர் என்றதும் நெல்வயலும் வாய்க்காலும் நினைவுக்கு வருவது இயல்பு. சாத்தூர் அந்த வரிசையில் சேராது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு இந்த ஊருக்குப் பாசனத்தைவிட, கடந்துபோக ஒரு துறையையும், ஊற்று நீரையும், வெள்ளரிக்கு மணற்படுகையையும்தான் கொடுத்தது. ஊர் வணிகத்தாலும் கைத்தொழிலாலும் வளர்ந்ததற்கு இதுவே அடிப்படை.

ஆறும் நிலமும்

வைப்பாறு மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு ஓடைகளில் பிறந்து, வெம்பக்கோட்டை, சாத்தூர், இருக்கன்குடி, விளாத்திகுளம் வழியாகச் சென்று, தூத்துக்குடி மாவட்டத்தில் வைப்பார், சிப்பிகுளம் கிராமங்களை ஒட்டி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. சிவகாசிப் பக்கத்திலிருந்து வரும் அர்ச்சுனா நதி சாத்தூருக்குக் கிழக்கே இருக்கன்குடியில் இதனுடன் சேர்கிறது. விருதுநகரை ஒட்டி ஓடும் கௌசிகா நதியும் வைப்பாற்றின் வடிநிலத்தைச் சேர்ந்ததே.

ஆறு மழையை மட்டுமே நம்பியது. மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வருவது. கரையைத் தாண்டினால் கரிசல் காடு. மழையில் காலை உள்வாங்கும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் இந்தக் கறுப்பு மண்ணில் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய், மல்லி ஆகியவை மானாவாரியாக விளைந்தன. நெல் குளத்துப் பாசனம் உள்ள இடங்களில் மட்டும்தான்.

தொல்லியல் தடயங்கள்

ஆற்றின் மேல்போக்கில், வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் உள்ள மேட்டில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. அடுத்தடுத்த கட்டங்கள் 2023, 2024 ஆண்டுகளில் நடந்தன. நுண்கற் கருவிகள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், விளையாட்டுக் காய்கள், தங்க அணிகலன், காளை உருவம் செதுக்கிய சூதுபவளக் கல் ஆகியவை கிடைத்தன. முழுமையாகவும் அறுபட்ட நிலையிலும் கிடைத்த ஏராளமான சங்கு வளையல்கள், அங்கே சங்கறுக்கும் தொழிற்கூடம் இயங்கியதைக் காட்டுகின்றன. சங்கு கடற்பொருள், ஆறு சேருமிடமோ சங்குக்குப் பேர்போன மன்னார் வளைகுடா. வெளியிலிருந்து மூலப்பொருளை வரவழைத்து, கைவேலையால் சிறு பொருளாக்கி விற்கும் வழக்கம் வைப்பாற்றங்கரையில் மிகப் பழையது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று இல்லை.

பாளையங்களிலிருந்து தாலுகாவுக்கு

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் பாளையக்காரர்களின் நாடு. 1799இல் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின் கிழக்கிந்தியக் கம்பெனி பறிமுதல் செய்த பாளையங்களில், சாத்தூருக்குத் தென்மேற்கே உள்ள ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. பாளையங்கள் ஒடுங்கி, வழிப்பயணத்தில் ஓரளவு பாதுகாப்பு வந்ததும் கரிசல் காட்டின் வணிகம் சூடுபிடித்தது.

பிரிட்டிஷ் ஆட்சியில் சாத்தூர், திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு தாலுகாவுக்குத் தலைமையிடமானது. இன்று அதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்ட சிவகாசியும், 1923இல் விருதுநகர் என்று பெயர் மாறிய விருதுபட்டியும் அப்போது சாத்தூர் தாலுகாவுக்குள் அடங்கியவை. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது சாத்தூர் அதில் சேர்ந்தது. 1985 மார்ச் 15 அன்று இராமநாதபுரம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதில் காமராசர் மாவட்டத்துக்கு வந்தது. அதுவே 1997இல் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது.

பேட்டையும் மகமையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதிப் பனங்காடுகளிலிருந்து கருப்பட்டி, கருவாடு, உப்பு ஆகியவற்றை வண்டியேற்றி வடக்கே வந்த நாடார் வணிகர்கள் வழித்தடத்து ஊர்களில் தங்கிக் கடை வைத்தார்கள். சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறும் அவர்களின் முதன்மையான வணிக ஊர்கள் ஆயின. நாடார் சமூக வரலாற்றை எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ், ‘இராமநாதபுரத்து ஆறு ஊர்கள்’ என்றே இவற்றைக் குறிப்பிடுகிறார்.

இந்த ஊர்களின் கட்டமைப்பு பேட்டையைச் சுற்றி அமைந்தது. சுற்றுச்சுவரும் கிணறும் கொண்ட அந்த வளாகத்துக்குள் இரவில் வண்டிகள் நிற்கும். மாடுகள் தண்ணீர் குடிக்கும். சரக்கு களவு போகாது. வணிகர்கள் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு ஒதுக்கினார்கள். அதுதான் மகமை. உறவின்முறை எனப்படும் ஊர்ச் சமூக அமைப்பு அந்தப் பணத்தைக் கணக்கு வைத்துக் கோயிலுக்கும் கிணற்றுக்கும், பிறகு பள்ளிக்கூடத்துக்கும் செலவிட்டது. சாத்தூர் இந்து நாடார் உறவின்முறையின் எட்வர்டு மேல்நிலைப்பள்ளி, எத்தல் ஹார்வி பெண்கள் மேல்நிலைப்பள்ளி இரண்டும் அந்த மரபில் வந்தவை.

வணிகத்தில் ஏறியவர்களுக்குச் சமூகத்தில் இடம் எளிதில் கிடைக்கவில்லை. கோயில் நுழைவு உரிமையை ஒட்டிய மோதல் 1899 ஜூனில் சிவகாசிக் கலவரமாக வெடித்து, திருநெல்வேலிச் சீமையின் பல ஊர்களுக்குப் பரவியது. பேட்டையின் சுவர்களுக்குக் களவு பயம் மட்டும் காரணம் அல்ல என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

ரயிலும் பருத்தியும்

1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தென்னிந்திய ரயில்வே பாதை திறந்தபோது, அது விருதுபட்டி, சாத்தூர் வழியாகச் சென்றது. மாட்டுவண்டியில் நாட்கணக்காகப் போன பஞ்சுப் பொதி, ஒரே நாளில் துறைமுகம் சேர வழி பிறந்தது. உலகச் சந்தையில் ‘தின்னவேலி’ என்ற பெயரில் விலைபோன பருத்தி பெரும்பாலும் இந்தக் கரிசல் வட்டாரத்தில் விளைந்ததுதான். மிளகாயும் அவ்வாறே: ‘சாத்தூர் சம்பா’ என்பது இன்றும் வற்றல் வணிகத்தில் ஒரு தரப்பெயர்.

தீப்பெட்டி ஆபீஸ்

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு ஊரில் தொடங்கினார்கள். மழை குறைந்த வறண்ட காற்று குச்சியும் மருந்தும் சீக்கிரம் காய உதவியது. மானாவாரி விவசாயத்தில் ஆண்டு முழுவதும் வேலை கிடைக்காத ஏராளமானோர் வேலைக்கு வந்தனர். தொழில் சாத்தூர், கோவில்பட்டி வரை பரவியது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் கட்டாயமான பிறகு, பட்டாசும் முறையான தொழிலாக வேரூன்றியது.

இந்தப் பகுதியில் தொழிற்சாலையை யாரும் ஆலை என்று சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’, ‘வெடி ஆபீஸ்’ என்பதே பேச்சு. குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் சட்டத்தில் வரிசையாகச் செருகும் ‘கட்டை அடுக்குதல்’, வீட்டுத் திண்ணையில் நடந்த ‘பெட்டி ஒட்டுதல்’ இரண்டும் பெரும்பாலும் பெண்களின் வேலை. நெடுங்காலம் குழந்தைகளின் வேலையாகவும் இருந்தன. விடியுமுன் கிராமங்களுக்கு வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச்சென்ற ஆபீஸ் பேருந்துகள், 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கும், அதைத் தொடர்ந்து சிவகாசியை மையமாக வைத்து வந்த தேசியத் திட்டத்துக்கும் பின்னணி. சட்டமும் பள்ளிகளும் இயந்திரமயமும் சேர்ந்து அந்த நிலையை மாற்றின. விபத்து மட்டும் நிற்கவில்லை: 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளம் பட்டாசு ஆலை வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நிப்பு

சாத்தூருக்கே உரிய தொழில் பேனா நிப்பு. மை பேனா பள்ளிக்கூடங்களை ஆண்ட காலத்தில் இந்த ஊரின் தெருக்களில் சிறு பட்டறைகள் வரிசையாக இயங்கின. பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை நாடாவாக வெட்டி, கைப் பிரஸ்ஸில் இலை வடிவத் துண்டுகளாக அடிப்பார்கள். அதன்மேல் பெயர் அச்சு விழும்; நடுவில் துளை போடுவார்கள்; பிறகு வளைத்து, துளையிலிருந்து முனை வரை மயிரிழைப் பிளவு கீறுவார்கள். எழுத்து ஓடுவதும் கிழிப்பதும் அந்தப் பிளவில்தான் இருக்கிறது. கடைசியில் முனை தேய்த்து மெருகேற்றுவார்கள். ஒவ்வொரு கட்டமும் வெவ்வேறு கைகளுக்குப் போனதால், ஒரு நிப்பில் பல குடும்பங்களுக்குக் கூலி இருந்தது. 1980களுக்குப் பிறகு பால்பாயிண்ட் பேனா பரவியதும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின.

காராச்சேவும் வெள்ளரியும்

ஊரின் பெயரைப் பயணிகளிடம் நிலைநிறுத்தியவை தின்பண்டங்கள். கடலை மாவில் மிளகாய்த் தூள், தட்டிய பூண்டு, பெருங்காயம் சேர்த்துப் பிசைந்து, கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே துளைக்கரண்டியைப் பிடித்து உள்ளங்கையால் தேய்த்து விடுவது சாத்தூர் காராச்சேவு. பிழியும் முறுக்கைப் போல ஒரே சீராக வராமல், நீளமும் கட்டையுமாக விழுவது தேய்ப்பின் அடையாளம். பக்கத்துக் கரிசலில் விளையும் மிளகாய் காரத்துக்குப் பொறுப்பு.

வெள்ளரி ஆற்றின் கொடை. வெள்ளம் வடிந்த மணற்படுகையில் குழி தோண்டி விதை ஊன்றி, ஊற்று நீரை முகந்து ஊற்றி வளர்த்த பிஞ்சுகளைக் கூடையில் அடுக்கி ரயிலிலும் பேருந்திலும் ஏறி விற்றார்கள். நான்காகக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தருவது வழக்கம்.

கோயிலும் திருவிழாவும்

வைப்பாற்றங்கரை வெங்கடாசலபதி கோயிலின் ஆனித் தேரோட்டமும், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிப் பெருமாள் ஆற்றில் இறங்குவதும் ஊரின் பெரிய விழாக்கள். சாத்தூருக்குக் கிழக்கே, இரண்டு ஆறுகளுக்கு நடுவே நிற்கும் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் தென்மாவட்டங்களின் மிகப் பெரிய அம்மன் தலங்களில் ஒன்று. தை, பங்குனி, ஆடி மாதக் கடைசி வெள்ளிகள் இங்கே விசேஷம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு நடந்தும் வண்டி கட்டியும் வரும் கூட்டம் ஆற்று மணலிலேயே தங்கிப் பொங்கல் வைக்கும். நோய் தீரக் கோயிலிலேயே தங்கி விரதமிருப்பதற்கு ‘வயனம் காத்தல்’ என்று பெயர்.

அரசியலும் இலக்கியமும்

முதலமைச்சராக இருந்த கு. காமராசர் 1957, 1962 தேர்தல்களில் சாத்தூர்த் தொகுதியிலிருந்தே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1970இல் ஸ்ரீ எஸ். இராமசாமி நாயுடு ஞாபகார்த்தக் கல்லூரி தொடங்கியதும், வட்டாரக் கிராமங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்குச் சாத்தூரே கல்லூரி ஊரானது. இந்த வட்டாரத்தைச் சேர்ந்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதை, 2008இல் ‘பூ’ திரைப்படமாக வந்தது.

ஆற்றின் இன்றைய நிலை

நீர்வரத்து குறைந்ததும், மணல் அள்ளப்பட்டதும், சாக்கடை கலப்பதும், படுகையை மூடிய சீமைக் கருவேல மரங்களும் சாத்தூர் வைப்பாற்றின் முகத்தை மாற்றிவிட்டன. வெம்பக்கோட்டையிலும் இருக்கன்குடியிலும் நீர்த்தேக்கங்கள் உள்ளன. அவற்றின் பயன் மழையைப் பொறுத்தது. ஆற்று உறைகிணறுகளை நம்பிய ஊருக்கு இப்போது தாமிரபரணி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வருகிறது. கேரளத்தின் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து ஆண்டுக்கு 634 மில்லியன் கனமீட்டர் நீரை வைப்பாற்று வடிநிலத்துக்குத் திருப்பும் இணைப்புத் திட்டம் பல பத்தாண்டுகளாகப் பேசப்பட்டு, கேரளத்தின் எதிர்ப்பால் நடைமுறைக்கு வராமல் உள்ளது.

சாத்தூரின் பழைய வாழ்வில் ஆறு நிரம்பி ஓடியது சில வாரங்கள்தான். மீதி மாதங்களில் ஊரைக் காத்தது மணலுக்குள் நின்ற நீர். அதனால் இங்கே ஆற்றை மீட்பது என்றால் வெளியிலிருந்து நீர் கொண்டுவருவது மட்டும் ஆகாது; மணற்படுகையை மீண்டும் நீர் பிடிக்க வைப்பதும் சேர்ந்ததே. கருவேலம் வெட்டுதல், கழிவுநீரைத் தடுத்தல், மணல் அள்ளுவதை நிறுத்துதல் ஆகிய கோரிக்கைகள் ஊரில் திரும்பத் திரும்ப எழுவது இதனால்தான்.