நாயின் பாட்டனார் பார்த்த உத்தியோகம்

மாப்பிள்ளை பார்க்கும்போது குலம், கோத்திரம், உத்தியோகம் எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கிறோம். நாய்க்குட்டி வாங்கும்போது மட்டும் முக விலாசத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறோம். நாய்க்கும் குலத் தொழில் என்று ஒன்று உண்டு. அதை விசாரியாமல் வாங்கினால் அவஸ்தைப்படுவது நாம் மட்டுமல்ல. வாயில்லாத அந்த ஜீவனுந்தான்.

நாய்கள் மனிதனோடு வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் 'ஜாதி நாய்' என்று இன்று நாம் சொல்லும் ஏற்பாட்டுக்கு வயது அதிகமில்லை. 1859-ல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. பறவை வேட்டைக்கு உதவும் இரண்டு வகை நாய்களுக்கே அதில் இடம். 1873-ல் கென்னல் கிளப் தோன்றியது. மறு வருஷமே வம்சாவளிப் புத்தகமும் வந்துவிட்டது. அதுவரை "இது என்ன வேலை செய்யும்?" என்று கேட்டவர்கள், பிறகு "இதன் மூக்கும் வாலும் எப்படி இருக்கின்றன?" என்று கேட்கலானார்கள்.

புல்டாக் நாயின் கதையே இதற்குச் சாட்சி. காளையைக் கட்டிப்போட்டு அதன்மேல் நாயை ஏவிவிடும் குரூர விளையாட்டு அந்நாட்டில் இருந்தது. 1835-ல் பார்லிமெண்டு அதைத் தடுத்தது. வேலை போயிற்று, நாய் மிஞ்சியது. அழகுக்கென்று அதன் மூக்கைத் தலைமுறை தலைமுறையாகக் குறுக்கினார்கள். இன்று அந்த இனத்தில் பல நாய்கள் மூச்சு விடவே திணறுகின்றன. சென்னைச் சித்திரை வெயிலில் அதன் பாட்டைக் கேட்க வேண்டாம்!

டாஷ்ஹண்ட் என்ற குட்டைக்கால் நாய், வளைக்குள் புகுந்து பிராணிகளைப் பிடிப்பதற்கென்றே ஜெர்மனியில் வளர்க்கப்பட்டது. அது ரோஜாச் செடியின் வேரைத் தோண்டுகிறதே என்று கோபிப்பதில் நியாயமில்லை. பாட்டனார் பார்த்த உத்தியோகத்தைப் பேரன் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

நம்மவர்களிடம் வருவோம். 2005-ல் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம் நாய் அவற்றில் ஒன்று. அதன் தெற்கத்தி உறவினர்களான சிப்பிப்பாறையும் கன்னியும் திறந்த வெளியில் முயலைத் துரத்தப் பிறந்தவை. நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு எல்லாம் ஓட்டத்துக்காகவே அமைந்தவை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை குற்றமாயிற்று. ஆனால் சட்டம் வந்ததென்று கால்கள் ஓட்டத்தை மறந்துவிடுமா?

மூன்றாவது மாடியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், சுதேசிப் பற்றினால் சிப்பிப்பாறைக் குட்டி வாங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்.

"காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி அதனோடு நடக்க உமக்கு ஒழியுமா?" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை ஒழியும்" என்றார்.

"அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு நாய் கிடைக்கிறதா, பாரும்" என்றேன். சிரித்தார், ஆனால் குட்டி வாங்கவில்லை.

இதனால் குலமே எல்லாம் என்று சொல்ல வரவில்லை. 2022-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி விவரம் சேர்த்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். நாய்க்கு நாய் நடத்தையில் காணும் வேற்றுமையில் சுமார் 9 சதவீதத்துக்குத்தான் இனம் காரணம் என்று கண்டார்கள். உடல் வாகையும் ரோமத்தையும் நோயையும் பற்றிக் குலம் நிறையச் சொல்லும். குணத்தை அந்தக் குட்டியிடமும், அது வளரும் வீட்டிலுந்தான் பார்க்க வேண்டும்.

ஆகையால், குட்டியை விசாரிக்குமுன் நம் வீட்டை விசாரிப்பது உத்தமம். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? ஓட இடம் உண்டா? பத்துப் பன்னிரண்டு வருஷம் சோறு போட மனம் உண்டா? இவற்றுக்குச் சரியான பதில் கிடைத்தால், நம் தெருக்கோடியில் பிறந்த குட்டியையும் ஒருமுறை பாருங்கள். அதற்கு வம்சாவளிப் புத்தகம் கிடையாது. ஆனால் அதன் பாட்டனாரும் முப்பாட்டனாரும் நம் வெயிலில் வாழ்ந்து காட்டியவர்கள்.