பழிவாங்க ஒரு பதிவேடு

‘கோஸ்ட் ஆஃப் யோட்டெய்’ கேமில் அட்ஸு தன் இடுப்புக் கச்சையில் ஆறு பெயர்களை எழுதி வைத்திருக்கிறாள். 16 வருடங்களுக்கு முன் தன் குடும்பத்தை அழித்தவர்கள். ஒருவன் செத்தால் ஒரு பெயர் மேல் கோடு விழும். (எங்க ஆபீஸில் டிக்கெட் மூடுவதும் இதே லட்சணம்தான்.)

நிஜ சாமுராய்ப் பழியிலும் பெயர் எழுதினார்கள். எழுதியவர் குமாஸ்தா! எடோ காலத்தில், அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் போகும் சாமுராய் முதலில் தன் பிரபுவிடம் அனுமதி வாங்க வேண்டும். விவரம் எடோவில் அரசுப் பதிவேட்டில் ஏறும். மூத்தவருக்காக இளையவர் பழிவாங்கலாம். மகனுக்காக அப்பா கிளம்ப முடியாது. பழிக்கு மறுபழியும் கிடையாது. இந்த அனுமதி எதுவும் இல்லாமல், இறந்துபோன தங்கள் பிரபு அசானோவுக்காக 1703-ல் கிராவைக் கொன்ற ரோனின்களை வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகச் சொன்னது அரசு.

அந்தக் கதையை 1748-ல் ஒசாகாவின் பொம்மலாட்ட மேடை ‘சுஷின்குரா’ ஆக்கியது. சமகாலச் சாமுராய் விவகாரங்களை மேடையேற்றத் தடை. அதனால் எல்லாம் 14-ஆம் நூற்றாண்டில் நடப்பதாக மாற்றிவிட்டார்கள்.

கேமும் இதே மாதிரி நகர்ந்துகொள்கிறது. வருடம் 1603, தோகுகாவா இயெயாசு ஷோகன் ஆன வருடம். இடம் எஸோ, இன்றைய ஹொக்கைடோ. அவர் கை முழுசாக எட்டாத தீவு. குமாஸ்தாவுக்கு அங்கே வேலை இல்லை.

போக வேண்டிய திசையைக் கேமில் காற்றே காட்டிவிடும். நிஜத்தில், 1873-ல் மெய்ஜி அரசு இந்த வழக்கத்தைத் தடை செய்யும்வரை, அனுமதியோடு கிளம்பி, வருஷக்கணக்கில் ஊர் ஊராக அலைந்து, எதிரியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் செத்தவர்கள் உண்டு. அந்த அலைச்சலை ஒரு மணி நேரமாவது விளையாடிப் பார்க்க எனக்கு ஆசை.