தண்ணீர் பின்னாலும் ஓடும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். "டீச்சர், பிளம்பரைக் கூப்பிடவே இல்ல, வீடியோ பாத்து நானே பைப் வேலைய முடிச்சிட்டேன்" என்று. ஒட்டெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பேரூராட்சிக் குடிநீர் பைப்பையும் போர் தண்ணீர் பைப்பையும் ஒரு டீ போட்டுச் சேர்த்து, நடுவில் ஒரு வால்வு வைத்திருக்கிறான். நல்ல தண்ணீர் வராத நாளில் வால்வைத் திறந்தால் போர் தண்ணீர் அடுப்படிக்கு வந்துவிடுமாம். எனக்குத் திக்கென்றது.

நம் ஊரில் கிணற்றில் இறைத்துக் குடித்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. குடத்தில் ஊற்றிய தண்ணீர் கயிறேறித் திரும்பப் போகாது. (கிணற்றுத் தண்ணீரெல்லாம் அமிர்தம் என்று சொல்ல வரவில்லை. நரம்புச் சிலந்தி நோய் குடிதண்ணீரில்தான் பரவியது. இந்தியாவில் அது ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்ததே 2000-இல்தான்.) குழாய் வந்த பிறகு எங்கள் தெரு மைனி ஒருத்தி, குழாயில் ஓஸ் மாட்டி மறுமுனையை மாட்டுத் தொட்டிக்குள் முங்கப் போட்டிருப்பாள். ஒருநாள் தண்ணீர் நின்ற பிறகு பார்க்கிறேன், தொட்டியில் கிடந்த கழனித் தண்ணீர் தானாக இறங்குகிறது! பள்ளத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்திருக்கிறார்கள். மேட்டு வீட்டுக் கழனி ஓஸ் வழியே ஏறி, மெயின் பைப்புக்குள் போய், அங்கே யார் குடத்தில் விழுந்ததோ! வாளியில் டியூபைப் போட்டு உறிஞ்சி வகுப்பில் காட்டுவேனே, அதே சங்கதிதான்.

இது மாட்டுத் தொட்டியோடு நிற்கிற விஷயம் இல்லை. 1933-இல் அமெரிக்காவின் சிகாகோவில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. ஊர் ஊராக வந்த ஜனங்கள் பெரிய ஓட்டல்களில் தங்கினார்கள். அதில் இரண்டு ஓட்டல்களில் பைப் வேலை பழையது, கோளாறானது. குடிநீர்க் குழாயும் கழிவு போகிற இடமும் தொட்டுக்கொள்ள வழியிருந்தது. குளியல் தொட்டி, கக்கூஸ் தண்ணீரெல்லாம் பின்னால் உறிஞ்சப்பட்டு நல்ல தண்ணீரில் கலக்க முடிந்தது. விளைவு அமீபா சீதபேதி. சுமார் 1,400 பேர் பாதிக்கப்பட்டார்கள், 98 பேர் இறந்தார்கள். கொடுமை என்னவென்றால், விருந்தாளிகள் சொந்த ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் நோய் தலைகாட்டியது. அந்தந்த ஊர் டாக்டர்கள் குடல்வால் நோய் என்று நினைத்து வயிற்றைக் கிழித்ததும் உண்டு. நோய் வந்தவர்கள் அந்த ஓட்டல்களில் தங்கினவர்கள் என்று கண்டுபிடிக்கவே நாளாயிற்று. பார்த்தீர்களா, தப்பு நடந்தது ஓரிடம், சாவு விழுந்தது வேறிடம்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது, அதுவும் பைப் அளவில் இல்லை, ஆற்றின் அளவில். 1955-இல் யமுனையில் வெள்ளம் வந்து வடிந்தபோது ஆறு தடம் மாறியது. நஜஃப்கர் வடிகாலின் சாக்கடை, வஜீராபாத்தில் டெல்லிக்குக் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே பின்னோக்கி வந்துவிட்டது. தண்ணீர் கெட்டது தெரிந்து அதிகாரிகள் குளோரினையும் படிகாரத்தையும் கூட்டித்தான் போட்டார்கள். டைபாய்டு கூடவில்லை, எல்லாரும் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, டிசம்பரில் மஞ்சள் காமாலை கிளம்பியது. ஜனவரிக்குள் சுமார் 29,300 பேருக்கு. கர்ப்பிணிப் பெண்கள்தான் அதிகம் தத்தளித்தார்கள். அது எந்தக் கிருமி என்பதே ரொம்ப நாள் தெரியாது. பத்திரப்படுத்தியிருந்த ரத்த மாதிரிகளை 1980 வாக்கில் சோதித்தபோது, அது ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்று தெரிந்தது. இன்று அதைத்தான் ஹெபடைடிஸ் இ என்கிறோம்.

டெல்லியை இங்கே எதற்கு இழுக்கிறேன் என்றால், அங்கே இருபத்துநாலு மணி நேரமும் கவனித்த பொறியாளர்கள் இருந்தார்கள். நம் வீட்டு டீ-க்கு யார் காவல்? நம் ஊர்ப் பைப்பில் தண்ணீர் வருவதே சில மணி நேரம்தான். மற்ற நேரம் உள்ளே காலி. குழாயைத் திறந்தால் "உஸ்" என்று காற்றை இழுக்கிற சத்தம் கேட்டிருப்பீர்கள். மெயினில் நேரே மோட்டார் மாட்டி இழுப்பவர்கள் இருந்தால் அந்த உறிஞ்சல் இன்னும் மோசம். ஒட்டு விட்ட இடம் சாக்கடைக்குள் கிடந்தால் என்ன வரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதனால் குழாய்க்கு வாஷர் மாற்றுவது, டெஃப்லான் டேப் சுற்றுவது எல்லாம் நீங்களே செய்யுங்கள், சந்தோஷம். முதலில் மெயின் வால்வை அடைத்துவிட்டுச் செய்யுங்கள், அவ்வளவுதான். இரண்டு தண்ணீரை மட்டும் ஒரு பைப்பில் சேர்க்காதீர்கள். வால்வு தேயும், அடைக்க மறந்தும் போகும். பேரூராட்சித் தண்ணீர் மேலிருந்து தொட்டியில் விழட்டும். குழாய் வாய்க்கும் தொட்டி விளிம்புக்கும் பைப்பின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி, ஒரு அங்குலத்துக்குக் குறையாமல், இருக்க வேண்டும். காற்றைத் தாண்டித் தண்ணீர் ஏறாது. ஓஸைத் தொட்டிக்குள் முங்கப் போடாதீர்கள். கக்கூஸில் கைப்பிடிக் குழாயை வாளிக்குள் போட்டுவிட்டு வருகிறீர்களே, அதுவும்தான்.

நேற்று அவன் திரும்பப் படம் அனுப்பினான். டீயைக் கழற்றி, இரண்டு முனைக்கும் மூடி போட்டிருக்கிறான். ஒரு மூடியில் லேசாகக் கசிகிறது. டேப்பை மரையின் திசையிலேயே சுற்றச் சொல்லியிருக்கிறேன்.