கடாரத்துக் காகிதங்கள்

இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் கடாரம் வருகிறது. 1025-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த அப்படையெடுப்பைத் தமிழாசிரியர் எவரும் வகுப்பில் சொல்லாமல் விடார். கடாரத்தரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூளாமணி விகாரத்தை ஆனைமங்கலச் செப்பேடு கூறுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இச்செய்திகள் கல்லிலும் செம்பிலும் இருந்தமையால் கிட்டின. அதே கடாரத்தில், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் காட்டை அழித்துப் பால்மரம் நட்ட தமிழர் யாவர், எவ்வூரினர், எந்த லயத்தில் வாழ்ந்தனர் என்று கேட்பின் விடை சொல்வார் அரியர். அவர்களைப் பற்றிய குறிப்பெல்லாம் காகிதத்தில் உள்ளது. அக்காகிதம் எங்கே?

"ஒன்றும் மிஞ்சவில்லை" என்பது தோட்டங்களில் வழக்கமாகக் கிடைக்கும் மறுமொழி. இது முழு உண்மையன்று. மிஞ்சியவை பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. எது எங்கே இருக்கும் என்று அறியாமல் தேடப் புகுவோர் சுங்கைப்பட்டாணிக்கும் அலோர்ஸ்டாருக்கும் அலைந்துவிட்டு, வெறுங்கையராய்த் திரும்புகின்றனர்.

சிதறியதற்குக் காரணம் கெடாவின் ஆட்சி வரலாறு. இம்மாநிலம் 1909 வரை சயாமின் மேலாண்மையில் இருந்தது. கடன் பெருகி, 1905-இல் சயாமிடம் 26 இலட்சம் வெள்ளி கடன் பெற்றபோது மாநில மன்றம் ஏற்பட்டது. 1909 மார்ச்சு 10-இல் பாங்காக்கில் கையெழுத்தான உடன்படிக்கையால் பிரிட்டிஷ் ஆலோசகர் வந்தார். ஆயினும் பேராவையும் சிலாங்கூரையும் போலக் கெடா கூட்டரசில் சேரவில்லை. அரசு அலுவல் மலாய் மொழியில், ஜாவி எழுத்திலேயே பெரும்பாலும் தொடர்ந்தது. 1943 முதல் 1945 வரை ஜப்பானியர் இதனைத் தாய்லாந்திடம் ஒப்படைத்திருந்தனர். ஆகவே ஜாவி, ஆங்கிலம், தாய் ஆகிய மூன்று எழுத்துகளிலும் இம்மாநிலத்தின் அரசுக் காகிதம் உண்டு. தமிழ் அவற்றுள் இல்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவற்றுள் பெருஞ்செல்வம் 1882 முதல் 1943 வரை ஆண்ட சுல்தான் அப்துல் ஹமீது ஹலீம் ஷாவின் கடிதத் தொகுதி. 2001-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அரசரும் அலுவலரும் அயலாரும் எழுதிக்கொண்ட அன்றாடக் கடிதங்கள் அதில் உள்ளன. தோட்டங்கள் தோன்றிய காலமும் இக்கடிதங்களின் காலமும் ஒன்றே என்பதை ஆராய்ச்சியாளர் கருத வேண்டும்.

படிக்கத் தொடங்கினால் இரண்டு தடைகள் எதிர்ப்படும். நாள், இசுலாமிய ஆண்டுக் கணக்கில் இருக்கும். 1327 என்று கண்டால், அவ்வாண்டு 1909 சனவரி 23-இல் பிறந்தது என்று கணக்கிட வேண்டும். அவ்வாண்டுக்கு நாள் 354 அல்லது 355 ஆதலின், ஒரே எண்ணைக் கழித்து எல்லா ஆண்டையும் கண்டுவிட இயலாது. மற்றது பெயர். ஜாவியில் ஈகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஓர் எழுத்து. ஊகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஓர் எழுத்து. அகரம் பெரும்பாலும் எழுதப்படாது. ல, ள, ழ மூன்றும் ஒன்றே. கோபாலன் கூபாலனாகவும் தெரிவான். வேலன் வீலனாகவும் தெரிவான். புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படித்துப் பழகிய தமிழுக்கு இது புதிய தொல்லையன்று. ஆங்கிலக் கிராணிமார் எழுதியவற்றிலும் இலக்குமி ஓரிடத்தில் லெட்சுமி, ஓரிடத்தில் லச்சுமி. 2019-இல் தமிழ்ப்பள்ளி நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில் ஜாவி வனப்பெழுத்தைச் சேர்ப்பது குறித்து எழுந்த வாதம் வேறு. வரலாறு ஆராய விரும்பும் தமிழ் இளைஞர் ஒரு சிலரேனும் தாமே விரும்பி ஜாவி கற்காவிடில், கெடாத் தமிழரின் முதல் அதிகாரம் திறக்கப்படாமலே இருக்கும்.

கடிதத் தொகுதியைத் தேடிச் செல்வோர் சிலரே. மாவட்டத் தலைநகரில் மிகுதியாகத் தேடப்படுவது நிலப் பதிவேடு. அதைத் தேட வைப்பது கோயில். தோட்டம் விற்பனையாகிறது, புதிய உரிமையாளர் வீடமைப்புக்கு நிலத்தைத் திருத்துகிறார், முனியாண்டி கோயிலோ மாரியம்மன் கோயிலோ இருக்கும் இடம் யாருடையது என்ற கேள்வி எழுகிறது. உடனே நிருவாகத்தார் கோல மூடா மாவட்டத்தின் தலைநகராகிய சுங்கைப்பட்டாணிக்கு விரைகின்றனர். அங்கே நில அலுவலகத்தில், "இங்கில்லை" என்ற விடை வரலாம். அலுவலர் மறைக்கவில்லை. 1966 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தின்படி, நாட்டுப்புறத்தில் 4 ஹெக்டருக்கு மேற்படாத நிலத்தின் உரிமைப்பத்திரமே மாவட்ட நில அலுவலகத்தில் பதிவாகும். அதனினும் பெரிய நிலமும், நகர நிலமும், கிராம நிலமும் மாநிலப் பதிவகத்தில், அதாவது அலோர்ஸ்டாரில் பதிவாகும். ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்டத்தின் கிராண்டு சுங்கைப்பட்டாணியில் எவ்வாறு இருக்கும்?

அலோர்ஸ்டாருக்குப் போவோரும் கோயிலின் பெயரைச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. முக்கிம், லாட் எண், உரிமைப்பத்திர எண் ஆகியவை வேண்டும். நிலவரிச் சீட்டில் இவை இருக்கும். அச்சீட்டோ உரிமையாளர் கையில் உள்ளது. சீட்டுக் கிடையாதபோது நிலஅளவைத் துறையின் வரைபடமே வழி. எண் கிடைத்தபின், கட்டணம் செலுத்திப் பதிவேட்டை எவரும் பார்வையிடலாம். சான்றிட்ட படியும் பெறலாம். அதில் இன்ன நாளில் இன்ன கம்பெனி, பின்பு இன்னார் என்று உரிமை மாறிய வரிசை வரும். தோட்ட வரலாறு எழுத இதனினும் நம்பத்தக்க ஏடு வேறில்லை. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்ட கதையும் இவ்வரிசையில் உண்டு. அத்துண்டாடலைத் தடுக்க வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். தொழிலாளரின் சங்கம் ஒன்றே தோட்டத்தின் உரிமையாளராயிற்று.

ஆனால் கோயில் பெரும்பாலும் அவ்வரிசையில் இராது. வாய்மொழியாகத் துரை கொடுத்த இடத்தைச் சட்டம் அறியாது. பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. நூறாண்டு விளக்கெரிந்த கோயிலுக்கும் ஒரு சதுர அடி எழுதப்படவில்லை என்று அறிவது கசப்பே. அதனை விற்பனைக்குப்பின் அறிவதினும் முன்பே அறிவது நன்று. அந்நிலையில் உபயக் கல், கும்பாபிடேக அழைப்பிதழ், தோட்ட அலுவலகம் எழுதிய கடிதம் ஆகியவை உரிமையைத் தாரா; எனினும் இருப்பின் பழமையைக் காட்டிப் பேசுவதற்குத் துணையாகும்.

மனிதரின் பெயர் நிலப் பதிவேட்டில் இல்லை. அரசின் தொழிலாளர் அறிக்கையிலும் இல்லை. 1922-ஆம் ஆண்டு இந்தியக் குடிப்பெயர்ச்சிச் சட்டத்தின்பின் மலாயாவில் அமர்ந்த இந்திய அரசின் ஏஜெண்டு ஆண்டுதோறும் எழுதிய அறிக்கையில் வந்தோர் தொகை, இறந்தோர் தொகை, கூலி ஆகியவை உண்டு. 1947-இல் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி முன்னின்ற தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் செய்ததும், பிப்ரவரி 28-இல் பீடோங்கிலும் மார்ச்சு 3-இல் டப்ளின் தோட்டத்திலும் போலீசுடன் மோதல் நேர்ந்து உயிர் போனதும் ஆங்கிலக் கோப்புகளில் கலகம் என்ற தலைப்பின்கீழ் அடங்கின.

தொழிலாளரைப் பெயர்சொல்லி எழுதிய ஏடு செக்ரோல். நாள்தோறும் பிரட்டில் பெயர் கூப்பிட்டுக் குறித்த அந்த ஏடு கம்பெனியின் சொத்து. ஆவணக்காப்பகச் சட்டங்கள், 1966-இலும் 2003-இலும், அரசு ஆவணங்களையே முதன்மையாகக் காத்தன. தோட்டம் கைமாறியபோது பழைய செக்ரோலைக் கொளுத்தியவரை அவை தடுக்கவில்லை. இதன் விலை சிறிதன்று. 1957 ஆகஸ்டு 31 முதல் மலாயாவில் பிறந்தோர் பிறப்பினாலேயே குடிமக்கள். 1962-இல் வந்த திருத்தம் பெற்றோரின் நிலையையும் கேட்டது. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமையற்றோர் 1969 முதல் வேலை பெர்மிட் பெற வேண்டியதாயிற்று. இந்நாட்டிலேயே பிறந்து, அதைக் காட்ட ஒரு தாள் இல்லாதவர் சிவப்பு அடையாள அட்டையுடன் நின்றனர், பலர் கப்பலேறினர். தோட்டத்தில் பிறந்த குழந்தையை யாரேனும் பதிவிடத்துக்குச் சென்று பதிந்தாரா என்பதில் ஒரு குடும்பத்தின் நாடு எது என்பது அடங்கியிருந்தது.

எஞ்சிய ஓர் ஏடு தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என்று வரிசையாக அதில் கட்டங்கள் உண்டு. பெற்றோருடன் இந்தியா சென்ற பிள்ளையின் பெயர் நீங்கியதும் அங்கேதான் குறிக்கப்படும். தோட்டப்பள்ளிகள் நகர்ப்புறத் தாமான்களுக்கு இடம் மாறும்போது மேசை நாற்காலிகளோடு மூட்டையாகப் போகும் இவற்றுள் சில, புதிய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஈரத்தில் கிடக்க நேர்கிறது. பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு படியை அலோர்ஸ்டாரில் உள்ள தேசிய ஆவணக்காப்பகக் கிளையிடம் ஒப்புவிக்க ஒரு பள்ளி விடுமுறை போதும். மிகப் பழைய ஏட்டிலிருந்து தொடங்குவது முறை. மை மங்குவது அதில்தான் முதலில்.