பாட்டுக்கு மொழி வேண்டாமா?

தாய்மொழி பேசிய குற்றத்துக்காகப் பள்ளிப் பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கற்காலத்தில் அல்ல, 19-ம் நூற்றாண்டில்! காட்டுமிராண்டிகளிடையே அல்ல, பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் நாட்டில்! ஆங்கிலமே அறிவு, வேல்ஸ் மொழி இழுக்கு என்றது பள்ளி. ஆனால் அங்கே நிலக்கரி வெட்டிய பாட்டாளி, ஞாயிறுதோறும் தோழர்களோடு கூடித் தன் மொழியில் பாடினான். எழுத்துகளாலேயே சுரம் குறிக்கும் எளிய முறை பரவியது. இசைக்கருவி வாங்க வழியில்லாதவனும் பாடக் கற்றான். 1865-ல் ஏறத்தாழ 150 பேர் 'மிமோசா' என்ற கப்பலில் தென்னமெரிக்காவின் பாட்டகோனியாவுக்குக் குடிபெயர்ந்தனர். பாட்டும் அவர்களோடு கப்பலேறிற்று. ஸ்பானிய மொழி சூழ்ந்த அந்த அர்ஜென்டினா மண்ணில் இன்றும் வேல்ஸ் மொழியில் சேர்ந்து பாடும் குழுக்கள் உண்டு.

கடலுக்கு அப்பால் நடந்த கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள், தோழர்களே! பனியன் நெய்து உலகுக்கு அனுப்பும் திருப்பூரில் ஆசிரியப் பணி புரியும் எனக்கு, அது நம் கதையாகவே தோன்றுகிறது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை யாழையும் குழலையும் பண்ணையும் விரிவாகப் பேசுகிறது. அத்தகைய நாட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கச்சேரி மேடையின் நிலை என்ன? தெலுங்குக் கீர்த்தனைகளும் வடமொழிக் கீர்த்தனைகளும் நடுநாயகமாய் வீற்றிருந்தன. தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்ததோ, கச்சேரி முடியும் நேரத்தில் 'துக்கடா' என்ற பெயரில் ஓர் ஓரம்! தியாகராயர் தம் தாய்மொழியாம் தெலுங்கில் பாடினார்; அது அவர் உரிமை, அதில் குற்றமில்லை. கேட்பவனுக்குப் புரியாததே உயர்ந்தது என்று ஆக்கிவைத்தார்களே, அதுதான் குற்றம்.

அந்த நிலையை அசைத்தவர்கள் பலர். தஞ்சையில் மருத்துவராய் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டு, இன்றைய இராகங்களின் வேர் பழந்தமிழ் இசையில் இருப்பதை ஆராய்ந்து காட்டினார். 1929-ல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி நிறுவினார் அண்ணாமலைச் செட்டியார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்றது.

கேட்டது இவ்வளவுதான். கிளம்பியதோ பெரும் எதிர்ப்பு! இசையின் தரமே முக்கியம், மொழியைப் பார்த்தால் தரம் தாழும் என்ற வாதம் சென்னை மியூசிக் அகாடமியிலிருந்து எழுந்தது. இசைக்கு மொழி இல்லை என்றனர். இல்லையென்றால், தமிழில் பாடினால் மட்டும் தரம் தாழ்வானேன்?

எதிர்ப்பு இயக்கத்தை வளர்த்தது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கோவையில் பிறந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரும், ரசிகமணி டி. கே. சி.யும், கல்கியும் ஆதரித்தனர். அரசியலில் எதிரெதிராய் நின்ற பெரியாரும் இராஜாஜியும் இதில் ஒரே பக்கம் நின்றனர். ஆனால் பெரியார் அங்கேயே நிற்கவில்லை. மொழி தமிழானால் மட்டும் போதுமா, பொருள் பகுத்தறிவுக்கு ஒத்ததாக வேண்டாமா என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் பழசாகவில்லை.

முழக்கத்தோடு நின்றிருந்தால் இயக்கம் மூன்றாண்டில் மறைந்திருக்கும். பாட வேண்டுமானால் பாட்டு வேண்டும், சுரக்குறிப்பு வேண்டும், கற்பிக்க ஆள் வேண்டும், மேடை வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்போடு நூல்களாக்கியது. தண்டபாணி தேசிகர் அங்கே மாணவர்க்குக் கற்பித்தார். 1952-ல் சென்னையில் இராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. வேல்ஸ் பாட்டாளிக்கு எளிய சுரமுறை செய்த உதவியை, இவை தமிழ்ப் பாடகர்க்குச் செய்தன.

பாடகர்க்குச் செய்தன, பாட்டாளிக்கு? வித்துவான் மேடை ஏறினார், மற்றவர் நாற்காலியில் அமர்ந்தனர். ஊரே சேர்ந்து பாடும் தமிழ்ப் பாட்டு பின்னர்தான் வந்தது. மனோன்மணீயம் சுந்தரனார் 1891-ல் வெளியிட்ட நாடகத்தின் வாழ்த்துப் பாடலை, 1970-ல் கலைஞர் ஆட்சி தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. மெல்லிசை மன்னர் விசுவநாதன் மோகன இராகத்தில் இசையமைத்தார். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பாடும் நேரம் 55 நொடி. பள்ளிகளில் பிள்ளைகள் சாதி பாராமல், குரல்வளம் பாராமல் ஒன்றாய்ப் பாடுகிறார்களே, தமிழின் மிகப் பெரிய சேர்ந்திசைக் குழு அதுவல்லவா!

அந்தக் குழுவில், என் வகுப்பில், ஒடிசாவிலிருந்து வந்த பனியன் தொழிலாளியின் மகள் ஒருத்தி நிற்கிறாள். வாழ்த்தைப் பிழையின்றிப் பாடுவாள். ஒருநாள், "உன் மொழியில் ஒரு பாட்டுப் பாடம்மா" என்றேன். அவள் வாய் திறந்தாள். வகுப்பு சிரித்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மரத்துண்டு! நாங்கள் கட்டிய மரத்துண்டு!

மறுநாள் பாடத்தை ஒதுக்கிவிட்டு வேல்ஸ் கதையையும் தமிழிசைக் கதையையும் சொன்னேன். அவள் பாடவில்லை, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அவளை நான் வற்புறுத்தவும் இல்லை.

1941-ல் நாம் கேட்டது சலுகை அல்ல, உரிமை. பாடுகிறவன் தன் மொழியில் பாடலாம், அதனால் அவன் தாழ்ந்தவனாகான் என்பதே அந்த உரிமை. நமக்கு மட்டும் அது நியாயம், பிறர்க்கு வேடிக்கை என்றால், அன்று நம்மைத் தடுத்தவர்க்கும் நமக்கும் வேறுபாடு என்ன?

இளைஞர்களே! பனியன் கம்பெனிகளின் தெருக்களில் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உழைப்பவன் வாழ்வைச் சொல்லும் பாட்டுகளை எடுங்கள். சுரம் தெரிந்த ஒருவரை அழையுங்கள். தமிழில் சேர்ந்து பாடுங்கள். பக்கத்தில் நிற்கும் ஒடியத் தோழனையும் பீகார்த் தோழனையும் அவர்கள் மொழியில் பாடச் சொல்லி, அமைதியாகக் கேளுங்கள். தமிழிசை இயக்கம் நமக்குத் தந்த பாடத்தை நாம் மறக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.