நீரில் போட்ட கோடு: எது ப்ராக் ராக், எது இல்லை?

ப்ராக் ராக் கேட்கிறவர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பாட்டைப் பற்றிப் பேசுவதைவிடப் பட்டியலைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம். கிங் க்ரிம்ஸன் உண்டு, அதில் சந்தேகமே இல்லை. யெஸ், ஜெனிசிஸ் உண்டு. பிங்க் ஃப்ளாய்ட்? இங்கேதான் குரல் உயரும். ரேடியோஹெட்? டீ ஆறிவிடும். மென்பொருள் அலுவலகங்களில் நான் வேலை பார்த்த இடமெல்லாம் இந்தச் சண்டைக்கு ஆள் கிடைத்திருக்கிறது. வெட்டிப் பேச்சு என்று இதை ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு கோட்டுக்கு உள்ளே யார், வெளியே யார் என்பது எப்போதுமே கொஞ்சம் பெரிய விஷயம்தான்.

நான் வளர்ந்தது பொன்னேரி. பக்கத்தில் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. 'பாடு' என்றால் நமக்குப் பாட்டுப் பாடு, இல்லையென்றால் வாழ்க்கையில் படுகிற பாடு. ஏரிக்கரைக் குப்பங்களில் அதற்கு இன்னொரு பொருள் இருக்கிறது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாக விழும் இடங்கள் சில உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் போய் வலை கட்டினால் வலைமேல் வலை விழும், அடிதடிதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாக்குப்பம் ஆகிய ஊர்கள் முறை வைத்துக்கொண்டன. இன்று இந்த இடம் உனக்கு, நாளை அது எனக்கு. அந்த முறைக்கும் அந்த இடத்துக்கும் பெயர் பாடு. முறை கிடைக்க வேண்டுமென்றால் நீங்கள் அந்த ஊரில், அந்தச் சமூகத்தில், ஒரு தலைக்கட்டாகக் கணக்கில் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு இது ரொம்ப நியாயமான ஏற்பாடு. ஆராய்ச்சியாளர்கள் பலர் வந்து பாராட்டி எழுதிய ஏற்பாடும்கூட. அதே ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அந்தக் கணக்கில் பெயர் இல்லை.

ராக் இசையின் இந்தப் பட்டியலும் ஒரு பாடுதான். அதன் கோடு எப்படி விழுந்தது என்று பார்ப்போம்.

1960களின் கடைசியில் அமெரிக்க எஃப்.எம். வானொலிகளில் 'ப்ரோக்ரெசிவ்' என்பது ஒரு ஒலிபரப்பு முறையின் பெயர். மூன்று நிமிட ஹிட்டுகளை விட்டுவிட்டு ஆல்பத்துக்குள் இருக்கும் நீளமான பாட்டுகளையும் போடுவது. அந்தச் சொல்லுக்குள் அப்போது யார் வேண்டுமானாலும் வரலாம். 1967இல் பீட்டில்ஸின் சார்ஜன்ட் பெப்பர் வந்தது. 1969 அக்டோபரில் கிங் க்ரிம்ஸனின் முதல் ஆல்பம் வந்தது. ப்ளூஸ் வாசனையைக் குறைத்து, மெல்லட்ரானும் சாக்ஸஃபோனும் ஜாஸ் வேகமுமாக ஒரு புதுச் சத்தம். 1972இல் யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்': ஒரே பாட்டு எல்.பி.யின் ஒரு பக்கம் முழுக்க, பதினெட்டு நிமிஷம். அதே ஆண்டு ஜெத்ரோ டல் 'திக் ஆஸ் எ ப்ரிக்' ஆல்பத்தில் இரண்டு பக்கத்தையும் ஒரே பாட்டால் நிரப்பியது. வேடிக்கை என்னவென்றால், அது கிண்டலாகச் செய்தது. முந்தைய ஆல்பமான 'அக்வாலங்'கை விமர்சகர்கள் கான்செப்ட் ஆல்பம் என்று சொல்ல, அப்படி இல்லை என்று மறுத்த இயன் ஆண்டர்சன், 'சரி, கான்செப்ட் ஆல்பம்தானே வேணும்' என்று செய்து கொடுத்தார். இன்று எந்தப் பட்டியலிலும் அந்தக் கிண்டல் முன்வரிசையில் இருக்கிறது.

இப்படி வந்த ஆல்பங்களின் பொதுவான குணங்களைத் தொகுத்துத்தான் பின்னால் விதிகள் ஆக்கினார்கள். பாட்டு நீளமாக இருக்க வேண்டும். தாளம் நான்கில் அடங்கக் கூடாது. செவ்வியல் இசையிலிருந்து கடன் வாங்கியிருக்க வேண்டும். ஆல்பம் முழுக்க ஒரு கதை ஓட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விதிகளை நம் ஊர்ப் பக்கம் கொண்டுவந்து வைத்தால் ஒவ்வொன்றாகத் தடுமாறும்.

தாளத்தை எடுப்போம். பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' (1973) ஏழில் ஓடுகிறது என்பது அவர்களை உள்ளே விடச் சொல்லும் வாதங்களில் ஒன்று. நமக்கு ஏழு என்பது மிஸ்ர சாபு. தகிட தகதிமி. கச்சேரியில் தொடையில் தட்டிக்கொண்டிருக்கும் தாத்தாவுக்கு அது சாதாரணம். ஐந்து, கண்ட சாபு. நாலு நாலாக எண்ணியே வளர்ந்த ராக் ரசிகருக்குத்தான் ஏழு ஒரு புரட்சி.

நீளத்தை எடுத்தாலும் இதே கதைதான். தமிழ்க் கடற்கரையில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு எவ்வளவு நேரம் ஓடும்? வலை கரைக்கு வரும்வரை. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுப்போடு சேர்ந்து வாங்கிப் பாடுவார்கள். எல்.பி.யின் பக்கம் எவ்வளவு கொள்ளும் என்ற கவலை அதற்கு இல்லை.

அப்படியென்றால் ஏழும் பதினெட்டு நிமிஷமும் தம்மளவில் 'முற்போக்கு' இல்லை. அவை எங்கிருந்து புறப்பட்டன என்பதை வைத்துத்தான் அவற்றுக்கு அர்த்தம். 1969இல் இங்கிலாந்தில் ஒரு ராக் குழு நாலை விட்டு வெளியே வந்தது ஒரு நகர்வு. 1992இல் ட்ரீம் தியேட்டர் அந்த நுட்பத்தை மெட்டலுக்குள் கொண்டுபோனது இன்னொரு நகர்வு. அதற்கப்புறம் வந்து, வீட்டுப்பாடம் மாதிரி ஏழிலும் ஒன்பதிலும் வாசித்துக் காட்டும் குழு எங்கே நகர்ந்தது? ஆனால் பட்டியலில் அதற்குத்தான் சுலபமாக இடம் கிடைக்கிறது.

மூன்றாவது விதி, செவ்வியல் கடன். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 1971இல் எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு முசோர்க்ஸ்கியின் 'பிக்சர்ஸ் அட் அன் எக்சிபிஷன்' இசைத்தொகுதியை எடுத்து மேடையில் வாசித்து ஆல்பமாக வெளியிட்டது. அது ப்ராக் என்பதில் யாருக்கும் கேள்வி இல்லை. 1986இல் இளையராஜா, தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்து ஒரு ஆல்பம் வெளியிட்டார். அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு உருப்படி. பாக் எழுதிய வயலின் இசை அப்படியே ஓட, அதன்மேல் நம் ஊர் வயலின் நுழைந்து பேசும். இதை எந்த ப்ராக் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. இதற்கு 'ஃப்யூஷன்' என்று தனி அலமாரி. ராக் பின்னணி இல்லையே என்று சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீத் எமர்சன் செவ்வியலைத் தொட்டால் முன்னேற்றம், பண்ணைப்புரத்துக்காரர் தொட்டால் கலவை என்ற பழக்கம் அந்த ஒரு காரணத்தால் மட்டும் வந்ததா? ஆல்பத்தின் பெயரே 'ஹவ் டு நேம் இட்?'. என்ன பெயர் வைப்பீர்கள் என்று அவர் முன்கூட்டியே கேட்டுவிட்டார்.

ஜான் மெக்லாஃப்லினையே பாருங்கள். 1971இல் மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா மின்சார கிட்டாரோடு வந்தபோது ப்ராக் ரசிகர்கள் பாதிப் பேர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். சில ஆண்டுகளில் அதே மனிதர் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு தரையில் உட்கார்ந்து சக்தி குழுவில் வாசித்தார். தாளக் கணக்கு இன்னும் சிக்கலானது. ஆனால் ப்ராக் வாசல் சாத்தப்பட்டது. கிட்டாரிலிருந்து மின்சாரம் போனது ஒரு காரணம். பக்கத்தில் கடம் இருந்தது இன்னொரு காரணம்.

இந்த வாசலை உள்ளேயிருந்து தட்டியவர்களும் இருக்கிறார்கள். 2003இல் பெங்களூரில் தொடங்கிய அகம், தன்னைக் கர்நாடக ப்ரோக்ரெசிவ் ராக் என்றே அழைத்துக்கொள்கிறது. பகலில் கம்பெனி வேலை, மிச்ச நேரத்தில் இசை என்று வளர்ந்த குழு. என் மாதிரி ஆட்களுக்கு அதில் ஒரு தனிப் பாசம். 2012இல் வந்த முதல் ஆல்பத்தில் தியாகராஜரின் 'பண்டுரீதி' டிஸ்டார்ஷன் கிட்டாரோடு வருகிறது. கச்சேரி ரசிகர் 'இது சத்தம்' என்பார். ப்ராக் ரசிகர் 'இது ஃப்யூஷன்' என்பார். இரண்டு கரையிலும் சேர்க்காத படகு. என் கணக்கில் அகம் ப்ராக்தான். ராக் வழிவந்த வாத்தியங்கள், ராக் வழிவந்த கட்டுமானம், அதோடு இரண்டு பக்கமும் கொஞ்சம் நகர்ந்த எல்லை.

இனி ஏரிக்குத் திரும்புகிறேன். பழவேற்காட்டிலிருந்து பக்கிங்காம் கால்வாய் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கிப் போகிறது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் அந்தக் கழிமுகத்தில் படிந்து, மீனும் இறாலும் குறைந்து, அங்கிருக்கும் குப்பங்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா அங்கே நின்று 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடினார். வரிகள் கபேர் வாசுகி, சென்னையின் சுயாதீன இசைக்காரர். ஆனந்தபைரவியில் தொடங்கி சிந்துபைரவி வரை போகும் ராகமாலிகை. பேச்சுத் தமிழ். எல்லோருக்கும் பொதுவான நிலத்தின் பெயராக இருந்து வசவாகிப்போன ஒரு சொல், கீர்த்தனை உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. இது கர்நாடக இசையா என்று கேட்டவர்கள் உண்டு. அடுத்த ஜனவரியில் கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் நிறுத்தி தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் வந்தது. இது இசையா, அரசியலா என்று கேட்டவர்களும் உண்டு.

இவற்றை ப்ராக் ராக் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நான் கொடி பிடிக்கவில்லை. கிருஷ்ணாவின் பாட்டில் ராக்கே கிடையாது. ஒரு பெயர் எல்லாவற்றுக்கும் பொருந்தினால் அந்தப் பெயரால் பிரயோஜனமில்லை. பாடு முறையே இல்லாத ஏரியில் வலை கிழிவதுதான் நடக்கும். கோடு வேண்டும். ஆனால் இந்தப் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'ராக்' என்பது வம்சாவளி. யார் யாரிடமிருந்து வந்தார்கள் என்று பார்த்துச் சொல்லிவிடலாம். 'ப்ரோக்ரெசிவ்' என்பது திசை. அதை வம்சாவளி பார்த்துச் சொல்ல முடியாது. எந்த எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். நாம் செய்வது தலைகீழாக இருக்கிறது. திசையைச் சொல்லும் சொல்லைத் தலைக்கட்டுக் கணக்காக மாற்றி வைத்திருக்கிறோம். 1970களில் இங்கிலாந்தில் இருந்தாயா, மெல்லட்ரான் வைத்திருந்தாயா, அப்போ உனக்கு முறை உண்டு.

பிங்க் ஃப்ளாய்ட் உள்ளே வர ஏழு தாளம் வேண்டியதில்லை. மருட்சி, பணம், காலம் என்று ஒரு ஆல்பம் முழுக்க யோசித்து, ஒலிப்பதிவு அறையையே ஒரு வாத்தியமாக்கியது போதும். ரேடியோஹெட் தாங்களே அந்தப் பெயர் வேண்டாம் என்கிறார்கள். 'ஓகே கம்ப்யூட்டர்' அவர்கள் பேச்சைக் கேட்பதாக இல்லை. சண்டை போடுவோம், தப்பில்லை. அடுத்த முறை பட்டியல் போடும்போது, கரையில் நின்று இடுப்பளவுத் தண்ணீரில் தடவிக்கொண்டிருப்பவர்கள் யார் யார் என்றும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடுவோம். இறால் அவர்கள் கையிலும் இருக்கிறது.